பதினொரு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி?

கீழ்வீட்டு செல்வி கையில் ஒரு மருந்துச் சீட்டோடு மாடியேறி வந்தாள். மகளுக்குச் சளி என்று குழந்தைகள் மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவர் சளி மருந்துக்குக் கீழே, அடுத்த முறை வரும்போது போட்டுவிடலாம் என்று ஒரு தடுப்பூசியின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"கர்ப்பப்பை கேன்சருக்காம் அக்கா. ரெண்டு ஊசி, நாலாயிரம் ஆகுமாம். இவ இன்னும் வயசுக்கே வரல. இப்போ எதுக்கு இது? எங்க குடும்பத்துல யாருக்கும் அந்த வியாதி கிடையாது."

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள், மருத்துவர் இல்லை. ஆனால் செல்வி கேட்டதை எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன், அதுவும் இரண்டு பட்டம் வாங்கியவர்கள் வாயிலிருந்து. கேன்சர் என்ற சொல் தெரியாதவர் இன்று யாரும் இல்லை. இந்தக் கேன்சர் எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை. அன்று செல்விக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். கர்ப்பப்பையைத் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் என்று வைத்துக்கொண்டால், அதன் குறுகிய காம்புப் பக்கம் பிறப்புறுப்புப் பாதைக்குள் எட்டிப் பார்க்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். இலங்கைத் தமிழர்கள் கருப்பைக் கழுத்து என்பார்கள், அந்தப் பெயர் இன்னும் பொருத்தம். பிரசவ வலி வந்ததும் "எத்தனை விரல் திறந்திருக்கு" என்று நர்ஸ் பார்ப்பது இந்த வாயைத்தான். நம் ஊரில் கர்ப்பப்பை என்று தொடங்கினாலே பேச்சு கட்டிக்குப் போய்விடுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருத்தியாவது "கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு" என்பாள். ஃபைப்ராய்டு எனப்படும் அந்தக் கட்டி கர்ப்பப்பையின் தசையில் வளர்வது, பெரும்பாலும் புற்றுநோயே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதற்கும் உறவு கிடையாது. வயிற்றை ஸ்கேன் செய்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக வாய்ப் பகுதியும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆரம்ப நிலை மாற்றங்கள் அந்த ஸ்கேனில் தெரியாது.

அடுத்தது காரணம். இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்க ஒரு வைரஸால் வருவது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. குடும்பத்தில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இங்கே அனேகமாக உதவாது. செல்விக்கு இதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மருத்துவ உலகமே நம்ப நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் இது. 1970களில் ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் காரணமாக இருக்கும் என்று பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசன் மட்டும் மரு உண்டாக்குகிற வைரஸ் குடும்பத்தின் மேல் சந்தேகத்தை வைத்து விடாமல் துருவினார். 1983-ல் புற்றுக்கட்டியின் செல்களிலிருந்து 16-ஆம் வகை எச்.பி.வி.யையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் அவர் குழு பிரித்தெடுத்துக் காட்டியது. 2008-ல் நோபல் பரிசு வந்தது. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகள்தான் காரணம்.

எச்.பி.வி.யில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைவிரலில் வருகிற சாதாரண மருவும் இதே குடும்பத்து வேறொரு வகையின் வேலைதான். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. புற்றுநோய் வரைக்கும் போகக்கூடியவை பத்துப் பன்னிரண்டு வகைகளே. அவை உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றுகின்றன. ஆணுறை ஓரளவு காக்கும். உறை மூடாத இடத்துத் தோலிலிருந்தும் தொற்றலாம் என்பதால் முழுதாகக் காக்காது.

இந்த இடத்துக்கு வந்ததும் செல்வியின் முகம் மாறியது. "அப்போ அது தப்பா நடக்கிறவங்களுக்கு வர்றதா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

இல்லை. தாம்பத்திய வாழ்க்கைக்குள் நுழைந்த ஆண், பெண் அனேகம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸைச் சந்தித்துவிடுகிறார்கள், தெரியாமலேயே. காய்ச்சல் வராது, அரிப்பு வராது. வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் இருந்த பெண்ணுக்கும் வரலாம், கணவன் வழியாக. அந்தக் கணவனுக்கும் திருமணத்துக்கு முன்பு எப்போதோ தொற்றியிருக்கலாம், அவருக்கே தெரிந்திருக்காது. வைரஸ் உடலில் பல வருடம் ஓசையில்லாமல் கிடக்கும் என்பதால், சோதனையில் 'எச்.பி.வி. இருக்கிறது' என்று வந்தால் அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து வைப்பது அறியாமை. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிப் புரியவைத்தாலே பாதிப் பெண்கள் பயமில்லாமல் சோதனைக்கு வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிப்போகிறது. தங்குவதற்கு அது தேர்ந்தெடுக்கும் இடம் விசேஷமானது. கர்ப்பப்பை வாயில் இரண்டு விதமான உள்தோல்கள் சந்திக்கிற ஓர் எல்லை உண்டு. இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு போல. வரப்பு என்றாலும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பூப்பெய்தும் பருவத்திலும் பேறுகாலத்திலும் நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும். வைரஸுக்கு வசதியான இடம் அதுதான். நம் செல்களில் இரண்டு காவல் புரதங்கள் இருக்கின்றன, செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது அவற்றின் வேலை. எச்.பி.வி. தன் பங்குக்கு இரண்டு புரதங்களை உண்டாக்கி அந்த இரண்டு பிரேக்கையும் பிடுங்கிவிடுகிறது. அதன் பிறகும் உடனே புற்றுநோய் வந்துவிடாது. செல்கள் மெல்ல உருமாறி, அதில் சில திரும்பச் சரியாகி, சில இன்னும் கெட்டு, புற்றாக மாற சாதாரணமாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே நடந்துவிடும்.

இந்தப் பதினைந்து ஆண்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தொற்றுக்கு முன்பே தடுப்பது ஊசி. தொற்றிய பிறகு, புற்றாவதற்கு முன்பு பிடிப்பது சோதனை. மகளுக்கு முதலாவது, அம்மாவுக்கு இரண்டாவது.

ஊசியில் இருப்பது என்ன? வைரஸ் இல்லை. வைரஸின் வெளிக்கூடு மட்டும். எல் 1 என்ற ஒரு புரதத்தை ஈஸ்ட் போன்ற செல்களில் வளர்த்தெடுத்தால், அது தானே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, அசல் வைரஸ் போலவே தோற்றமுள்ள உருண்டையாகிறது. உள்ளே மரபணு கிடையாது. அரிசி இல்லாத உமி மாதிரி. உமியை எத்தனை முறை விதைத்தாலும் முளைக்காது. ஆனால் நம் எதிர்ப்புச் சக்தி அந்த உருவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும். பிற்பாடு அசல் வைரஸ் வரும்போது வாசலிலேயே மறித்துவிடும். வந்து குடியேறிவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் திருமண வாழ்வுக்கெல்லாம் வெகு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். அந்த வயதில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பும் கூடுதல். வயசுக்கு வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சின்ன அம்மை ஊசியை யாரும் அம்மை வந்த பிறகு போட்டுக்கொள்வதில்லையே.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஊசிகள் 2008-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன, ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் 2023-ல் வந்த பிறகு தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசி சுமார் 2,000 ரூபாய் என்ற அளவுக்கு இறங்கியது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. 6-ம் 11-ம் புற்றுநோய் தருபவை அல்ல, பிறப்புறுப்பில் மரு உண்டாக்குபவை. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பணம் கட்டுவதற்கு முன்பு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

இனி தயக்கம். "இதைப் போட்டா பிள்ளைங்களுக்குக் கண்டபடி நடக்கத் தைரியம் வந்துடாதா" என்று என்னிடம் கேட்டவர் ஒரு கணக்கு ஆசிரியர். பல நாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்தாயிற்று, நடத்தையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவர் யாரும் ஆணியைத் தேடிப் போய் மிதிப்பதில்லை. "குழந்தை பிறக்காமல் போய்விடும்" என்பது இன்னொன்று. 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிகளுக்கு வந்தபோதும் வாட்ஸ்அப்பில் விதவிதமான வதந்தி ஓடியது நினைவிருக்கும். கோடிக்கணக்கான ஊசிகள் போட்டுப் பார்த்த பிறகும் மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு எதையும் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு காணவில்லை. கை வலி, லேசான காய்ச்சல், சிலருக்கு மயக்கம், இவைதான் வருவது. வளரிளம் பெண்களுக்கு எந்த ஊசி போட்டாலும் மயக்கம் வருவது சகஜம் என்பதால் கால் மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவேண்டும்.

ஆனால் தயங்குகிறவர்களை எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் துணையிருக்க, ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. அவர்களில் ஏழு பேர் பிறகு இறந்துபோனார்கள். விசாரணையில் ஊசிக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. ஒரு குழந்தை நீரில் மூழ்கியது, ஒன்று பாம்பு கடித்து இறந்தது. ஆனால் அதே விசாரணை வேறொன்றையும் வெளியே கொண்டுவந்தது. பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதிகளில் பெற்றோரின் சம்மதத்துக்குப் பதிலாக வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைக்கு என்ன போடப்படுகிறது என்பது வீட்டுக்கே தெரியாது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடி அறிக்கை தந்தது. ஊசி குற்றவாளி இல்லை, கேட்காமல் போட்டதுதான் குற்றம். ஊரில் பேச்சு பரவும்போது இந்த வித்தியாசம் எங்கே நிற்கும்? 'ஊசி போட்டாங்க, பிள்ளை செத்துச்சு' என்பதுதான் நின்றது.

அந்த நிறுத்தத்தில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அதே சமயத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வேறொரு ஆராய்ச்சி இந்தியாவின் பல ஊர்களில் போய்க்கொண்டிருந்தது. மூன்று ஊசி வேண்டுமா, இரண்டு போதுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். அரசின் தடையால் அதுவும் பாதியில் நின்றது, சுமார் 5,000 சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது: 16, 18 வகைகள் உடலில் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒற்றை ஊசி ஏறக்குறைய 95 சதவீதம் பலன் தந்திருந்தது, மூன்று ஊசிக்குச் சற்றும் குறையாமல். வேறு நாட்டு ஆய்வுகளோடு இதையும் வைத்துத்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசி போதுமானது என்று ஏற்றுக்கொண்டது. ஏழை நாடுகளுக்கு அது எத்தனை பெரிய மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பானிலும் ஒரு நிறுத்தம் நடந்தது, விளைவு இதற்கு நேர்மாறு. 2013-ல் பக்கவிளைவுகள் பற்றிய செய்திகள் பரவியதும் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. எழுபது சதவீதம் வரை போட்டுக்கொண்டிருந்த நாட்டில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் வளர்ந்த பெண்கள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021-ல் கணக்கு வந்தது. பக்கத்தில் இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

செல்வியின் கணவர் இந்த நேரத்தில் மேலே வந்து, "அப்போ பையனுக்கு வேண்டாமா?" என்றார். நல்ல கேள்வி. ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களில் ஒரு பங்கு இதே வைரஸால்தான். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் போடுகிறார்கள். நம் ஊரில் கையிருப்பு குறைவு என்பதால் முதலில் பெண் பிள்ளைகள். வசதி இருந்தால் பையனுக்கும் போடலாம்.

எஞ்சியது சோதனை, எனக்குப் பெரிய ஆதங்கம் இதில்தான். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓர் ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பதினைந்து ஆண்டு அவகாசம் கொடுத்து வருகிற நோயில் இத்தனை சாவு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு முன்னணியில் இருந்தது என்று பெருமைப்படலாம், அந்த முன்னணியே பத்தில் ஒருவர்தான்.

இத்தனைக்கும் இந்தச் சோதனை உயிர் காக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கும் ஒரு கிராமப்புற மருத்துவமனையை மையமாக வைத்து, 2000-ல் தொடங்கி 30 முதல் 59 வயதுவரை உள்ள 31,000-க்கும் அதிகமான பெண்களைச் சோதித்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். கருவி என்று பார்த்தால் ஒரு விளக்கும் நீர்த்த அசெட்டிக் அமிலமும்தான், அதாவது சமையல் வினிகர், பழைய தமிழில் காடி. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தச் சோதனையில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் போவதில்லை. படுக்கவைத்து, கால்களை மடக்கி, மேலே துணி போர்த்துவார்கள். ஸ்பெக்குலம் என்ற கருவியால் பாதையை மெல்ல விரித்து வாய்ப் பகுதியைப் பார்ப்பார்கள். அந்த நிமிடம் ஒரு மாதிரி சங்கடமாக இருக்கும், மூச்சை மெதுவாக விட்டால் வலி இருக்காது. பஞ்சில் அமிலத்தைத் தோய்த்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். உருமாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பிறகு அயோடின் தடவுவதும் உண்டு, நல்ல தோல் கரும்பழுப்பாக மாறும், சந்தேகப்படும் இடம் மஞ்சளாகவே நிற்கும். மொத்தம் ஐந்து பத்து நிமிட வேலை. வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை, மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று பொருள். பல சமயம் அந்தத் திட்டைக் குளிரூட்டியோ சூடு வைத்தோ அன்றே அழித்துவிடலாம், கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. பாப் ஸ்மியர் என்பது அங்கிருந்து செல்களை வருடி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை இவற்றைவிடத் துல்லியம், அதற்கு மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துக் கொடுக்க முடியும், கூச்சப்படுகிறவர்களுக்கு வசதி. முப்பது வயதில் தொடங்கி, அமிலச் சோதனை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, டி.என்.ஏ. சோதனை என்றால் ஐந்திலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை போதும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இது உண்டு, ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

உடலுறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு திரும்பப் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவற்றில் எது இருந்தாலும் சோதனை முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக மருத்துவரிடம் போகவேண்டும். என் அத்தை ஒருத்தி தீட்டு நின்று ஆறு வருடம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டதை "உடம்பு சூடு" என்று சொல்லி எட்டு மாதம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மகன்களிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். மருமகளிடம் சொன்னபோது தாமதமாகிவிட்டது.

செல்வி மகளுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு வந்தாள். பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டே ஐஸ்கிரீம் கேட்டது. ஊசி போட்ட நர்ஸ் செல்வியின் வயதைக் கேட்டிருக்கிறார், முப்பத்தெட்டு என்றதும், "நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" என்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"தீபாவளி முடியட்டும்னு சொன்னேன் அக்கா."

தீபாவளிக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது. அடுத்த வாரம் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நானே கடைசியாக எடுத்து ஆறு வருடம் ஆகிறது.